மே மாத வாய்தா

கோர்ட்டுக்கு லீவு விட்டாயிற்று.
"மேற்படி மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது" என்று
அடித்து அடித்துத் தேய்ந்த விரல்களுக்கு
ஒரு மாதம் வேலையில்லை.
வக்கீல் இன்னாசிமுத்து கொடைக்கானல் போய்விட்டார்,
ஆபீஸ் சாவியையும் மின்விசிறியையும் என்னிடம் விட்டுவிட்டு.
மின்விசிறி சுற்றுவதாக ஒரு பேச்சு இருக்கிறது.

என் கொடைக்கானல்
பெரியாரிலிருந்து சோழவந்தான் போகும் டவுன் பஸ்.
இடப்பக்க ஜன்னல், வெயில் வராத சீட்.
மகளிருக்குக் கட்டணமில்லை.
கண்டக்டர் தவசி நீட்டும் சைபர் ரூபாய்ச் சீட்டைப்
பக்க அடையாளமாக வைத்துக்கொள்வேன்.
புத்தகத்துக்குள் இப்போது பதினொன்று சேர்ந்துவிட்டன.

புத்தகம்,
கீழமாசி வீதிப் பக்கம் சாக்கு விரித்திருந்தவர்
முப்பது சொல்லி இருபதுக்குத் தந்தது.
எழுதியவர் பெயர் அட்டையோடு போயிற்று.
முதல் பக்கத்திலேயே எஸ்டேட் மேனேஜர் செத்துக் கிடக்கிறார்,
பக்கத்தில் காபி ஆறிப்போயிருக்கிறது.
எனக்குக் காபியை நினைத்துத்தான் வருத்தம்.

முன்னால் படித்த யாரோ
பச்சை இங்க்கில் ஓரமெல்லாம் எழுதியிருக்கிறார்.
நாற்பத்து மூன்றாம் பக்கம்: "பால்காரன்தான். சத்தியம்."
தொண்ணூற்றேழு: "தப்பு. தங்கச்சி."
நூற்றிருபதில் வெறும் "அடடா."
எதற்கு அடடா என்று
கோச்சடையிலிருந்து துவரிமான் வரை தேடினேன்.
அந்தப் பக்கத்தில் மழை பெய்கிறது, அவ்வளவுதான்.
வெளியே வலப்பக்கம்
வைகை மணலைக் காயப்போட்டிருந்தது.
நானும் சொன்னேன், அடடா.

மேலக்காலில் தென்னை தொடங்கும்.
காற்று சட்டென்று வேறு வீட்டுக் காற்றாகிவிடும்.
விரலை வைத்து அழுத்திக்கொள்ளாவிட்டால்
கொலைகாரனை அதுவே புரட்டிக் காட்டிவிடும்.

சோழவந்தானில்
ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஐந்து பெஞ்சுக் கடை.
பெயர்ப்பலகை கிடையாது.
அயிரை மீன் குழம்பு இருக்கா என்று கேட்கக் கூடாது,
இருந்தால் ஒச்சம்மாள் முகத்திலேயே தெரியும்.
தெரிந்த அன்று
மேனேஜர் எவன் கையால் செத்தால் என்ன என்றாகிவிடும்.
ரசம் வேண்டாம், மறுசோற்றுக்கும் அதே குழம்பு.
"படிக்கிற பிள்ள, கறை படாம சாப்பிடு" என்றாள்.
எனக்கு நாற்பத்தாறு வயது.
கறை பட்டது.
நூற்று முப்பத்தொன்றில்
இன்ஸ்பெக்டர் சட்டைமேல் மஞ்சளாக ஒரு மீன்.

திரும்பும் வண்டியில் கடைசி அத்தியாயம்.
எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து
துப்பறிகிறவர் தொண்டையைச் செருமுகிறார்:
"கொலை செய்தது வேறு யாருமல்ல,"

அதற்கப்புறம் பைண்டிங் நூல் மட்டும் இருந்தது.
பதினாறு பக்கத்தைக் காணோம்.

வருஷமெல்லாம் வாய்தா டைப் அடிக்கிறவளுக்கு
இதென்ன புதுசா.
இருந்தாலும் அன்று சாயங்காலம்
மஹால் பக்கம் ராதாபாய் வண்டியில்
முள்ளுமுருங்கை வடை வாங்கியபோது
பொடி தூவி மடித்துத் தந்த தாளை
எண்ணெய் பிழிந்து, பிரித்து, இரண்டு பக்கமும் படித்தேன்.
ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கு.
யாரோ தப்பாகப் போட்டிருந்தார்கள்.

"என்னக்கா, தாளையும் தின்னுருவீகளா?"
"ஒரு பதினாறு பக்கம் தொலைஞ்சிருச்சு."
அவள் ஆச்சரியப்படவில்லை.
கட்டிலிருந்து இன்னொரு தாளை உருவி
இன்னும் இரண்டு வடை வைத்தாள்:
"இதுல இருக்கான்னு பாருங்க."

அதில் உர மானியப் பட்டியல்.
நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூனில் கோர்ட்டு திறக்கும்.
அதற்குள் புத்தகத்தைச் சாக்குக்காரரிடமே
பத்து ரூபாய்க்குத் தந்துவிடலாம்.
அடுத்து வாங்கப்போகிறவருக்காக
நூற்றிருபதாம் பக்கத்தில்
பச்சை அடடாவுக்குக் கீழே
நீல இங்க்கில் எழுதிவைத்திருக்கிறேன்:

"மேற்படி வாசகர் சோழவந்தானில் இறங்கவும்.
அயிரை இருந்தால்
உட்காரவும்."