இருநூற்றுப் பதினான்கு

எங்கள் துறையில் டான்யூப் ஆற்றுக்கு ஓர் அளவுகோல் உண்டு.
கரைச்சுவரில் பதித்த வெள்ளைப் பலகை, கறுப்பு எண்கள்.
அதனிடம் போக முப்பத்தொரு படிகள்,
கடைசி ஒன்பதும் பாசி.
காலை ஏழுக்கு இறங்க வேண்டும், பார்க்க வேண்டும்,
ஏறி வந்து தந்தி அடிக்க வேண்டும்.
அதை வைத்துத்தான் படகுக்காரர்கள்
எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று முடிவுசெய்வார்கள்.
எண்ணத் தெரிந்தவர் எவரும் செய்யலாம்.

மந்திரி ரதொஸ்லாவின் அக்காள் மகன் லூபென்
மே மாதம் வந்து சேர்ந்தான்.
இரண்டு பெட்டி, ஒரு வேட்டைநாய்,
'துறைத் தலைவர்' என்று பொறித்த பித்தளைப் பலகை.
பலகையை அவனே கொண்டுவந்திருந்தான்.

முதல் நாள் படியிறங்கினான்.
ஆறாவது படியில் நின்று
கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல்
ஆற்றைப் பார்த்தான்.
"எவ்வளவு?" என்றான் அங்கிருந்தே.
"இருநூற்றுப் பதினான்கு" என்றேன் கீழிருந்து.
நல்ல எண் என்றான்.
அவனுக்கு அது பிடித்துப்போயிற்று.

ஜூனிலும் இருநூற்றுப் பதினான்கு.
ஜூலையிலும்.
தந்தியில் மட்டும் நதி
புகைப்படத்துக்கு நிற்பதுபோல் அசையாமல் நின்றது.

நான் எழுத்தர். பெயர் ஸ்வெத்தானா.
சொன்னதை அடிப்பது என் சம்பளம்.
ஆனாலும் கால் பழக்கம் விடவில்லை,
விடியலில் இறங்கிவிடும்.
மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிவைப்பேன்:
நூற்றெழுபது.
நூற்று நாற்பத்திரண்டு.
ஆகஸ்டில் தொண்ணூற்றாறு.
முன்பக்கம் சர்க்கரை, மண்ணெண்ணெய், பாக்கி.
பின்பக்கம் வற்றிக்கொண்டிருக்கும் ஒரு நதி.

ஒரேயொரு முறை சொன்னேன்,
"ஐயா, தண்ணீர் குறைகிறது."
நாயின் காதைச் சொறிந்துகொண்டே சொன்னான்:
"மாமா அடுத்த வாரம் வருகிறார்.
இப்போது குறைந்தால் நன்றாக இருக்காது."

ஒரு செவ்வாய் இரவு
கோதுமைப் படகு மணலில் ஏறியது.
கேப்டன் மிலோய்க்கோ தந்தியை நம்புகிறவர்.
அடிமரம் முறிந்த சத்தம் ரொட்டிக்கடை வரை கேட்டது.
கொதிகலன் அறையிலிருந்த பையனை
விடிந்த பிறகுதான் வெளியே எடுத்தார்கள்.
அவன் பெயரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நனைந்த கோதுமை ஐந்தாம் நாள் முளைவிட்டது.
ஆற்றின் நடுவே
யாரும் விதைக்காத பச்சை வயல்.

விசாரணைக் குழு வந்தது.
தலைவர் மந்திரியின் மருமகன்.
உறுப்பினர் அந்த மருமகனின் அண்ணன்.
மூன்றாமவர் உண்மையிலேயே பொறியாளர்;
அவருக்குக் காது கேட்காது.
ரக்கியா ஊற்றி, வறுத்த மீன் வைத்து,
இரண்டே நாளில் தீர்ப்பு எழுதினார்கள்:
முன்னறிவிப்பின்றித் தாழ்ந்தது ஆறு.
குற்றம் ஆற்றினுடையது.

வேறு பதிவு ஏதும் உண்டா என்று என்னிடம் கேட்டார்கள்.
நோட்டு என் மடியில்தான் இருந்தது.
"இது மளிகைக் கணக்கு" என்றேன்.
பொய்யில்லை.
முன்பக்கத்தைத்தான் காட்டினேன்.

லூபெனுக்குத் தலைநகரில் பெரிய நாற்காலி.
இனி தேசத்தின் நதிகள் எல்லாம் அவன் பொறுப்பு.

நவம்பரில் ரயிலேறினேன், நோட்டோடு.
பதினோரு மணிநேரம்.
வழியெல்லாம் அந்தப் பையனுக்கு ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன்,
ஒன்றும் பொருந்தவில்லை.
கதவில் அதே பித்தளைப் பலகை,
கீழே புதிதாக இரண்டு வரி.

நோட்டை மேஜையில் வைத்தேன்.
பின்பக்கம் மேலே இருந்தது.
வாசித்தான். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.
"என்ன வேண்டும்?"

நாயின் மூச்சு மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.

"என் தங்கை மகன் க்ராசிமிர்," என்றேன்,
"படிப்பு ஏறவில்லை. சும்மா இருக்கிறான்.
எங்கள் துறையில் நாற்காலி ஒன்று காலியாகத்தானே..."

அவன் சிரித்தான்.
முதல் தடவையாக என்னை அத்தை என்று அழைத்தான்.

இன்று காலை பனி.
கீழே பாசியில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.
"எவ்வளவு, பெரியம்மா?" என்று குரல் வந்தது.

க்ராசிமிர் ஏழாவது படியில் நின்றான்.
லூபெனைவிட ஒரு படி அதிகம்.