வாரம் பன்னிரண்டு மணி நேரம்

ஆகஸ்ட் கடைசியில், சாஸ்கட்டூனில்,
ஜன்னல் இல்லாத ஓர் அறையை எனக்கு ஒதுக்குவார்கள்.
நாற்பத்தோரு மடக்கு நாற்காலிகள்.
மூடி திறக்காத ஒரு காபிக் குடுவை.
இரண்டே நாளில் நான்
ஆய்வு மாணவர்களை ஆசிரியர்களாக்க வேண்டும்.
துணை ஆசிரியர்கள், என்று திருத்துகிறது
சம்பளப் பிரிவின் கடிதம்.

தீ மணி அடித்தால் எந்த வாசல்,
மதிப்பெண்ணை எந்தக் கட்டத்தில் இடுவது,
வகுப்பில் ஒருவர் அழுதால் எந்த எண்ணை அழைப்பது,
எல்லாவற்றுக்கும் ஸ்லைடு இருக்கிறது.
பதினேழாவது ஸ்லைடு:
தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.
அதைச் சீக்கிரம் தள்ளிவிடுவேன்.
அடுத்தது மதிய உணவு.

இரண்டாம் நாள்
ஆளுக்கு ஐந்து நிமிடம், எதையாவது சொல்லித்தர வேண்டும்.
கோரின் லாஃபோன் சைக்கிள் பஞ்சர் ஒட்டினாள்.
டோல்கா ஒரு சட்டையை நான்கு விதமாக மடித்தான்.
மங்கோலியாவிலிருந்து வந்த தெமூலென், புவியியல் துறை,
இளஞ்சிவப்புக் கல் ஒன்றைச் சுற்றுக்கு விட்டான்.
நக்கிப் பாருங்கள், என்றான்.
யாரும் நக்கவில்லை.
கல் முழுச் சுற்று போய் அவனிடமே திரும்பியது.
தானே நக்கினான்.
பொட்டாஷ். கசக்கும்.
உங்கள் ஊருக்கு அடியில், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்,
இதுதான் கிடக்கிறது.
மீதி மூன்றரை நிமிடம் சும்மா நின்றான்.
"நேரத்தை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம்"
என்று அவன் தாளில் எழுதினேன்.
கையெழுத்துகூட அழகாகத்தான் இருந்தது.

நவம்பரில் வந்தான்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
பூட்ஸில் ஒட்டிய பனி என் கம்பளத்தில் உருக,
பை நிறைய லேப் நோட்டுகள், அறுபத்திரண்டு.
ஒப்பந்தத்தில் வாரம் பன்னிரண்டு மணி நேரம்.
இந்த வாரம் பத்தொன்பது ஆகிவிட்டது,
ஆனால் அதைச் சொல்ல வரவில்லை, என்றான்.

ஒரு நோட்டைப் பிரித்தான்.
பன்னிரண்டு கற்கள், பன்னிரண்டு வரிகள்.
முதல் வரியில் குவார்ட்ஸ்.
இரண்டாவதில் குவார்ட்ஸ்.
நிலக்கரியும் குவார்ட்ஸ்.
கடைசிக் கல் மட்டும் உண்மையிலேயே குவார்ட்ஸ்.
அதற்கு மதிப்பெண் உண்டா?

பக்கத்தின் அடியில், பென்சிலில், சின்னதாக:
லேபுக்கு நான் வரவில்லை.
பெட்ரோல் பங்கில் இரவு வேலை.
கற்களை நான் பார்த்ததே இல்லை. மன்னிக்கவும்.

கல்லைக் கண்ணில் காட்டாமல்
கல் என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?
என் ஸ்லைடுகளை மனத்துக்குள் புரட்டினேன்.
பதினாறு. பதினெட்டு.
தெரியாது, என்றேன்.
வாயில் கசந்தது.

அவன் உட்கார்ந்தான்.
ஆகஸ்டிலிருந்து அதுவரை
என் முன்னால் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
இரண்டு பேருமாக அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு ஒரு மதிப்பெண் போட்டான்.
பக்கத்தில் எழுதினான்:
திங்கள் மூன்று மணிக்குத் தட்டைத் திறந்து வைத்திருப்பேன்.
அழித்தான்.
எந்த நேரம் உனக்கு வேலை இல்லை?
என்று எழுதினான்.

அப்புறம்தான் நான் இழுப்பறையைத் திறந்தேன்.
கூடுதல் மணி நேரத்துக்கு ஒரு படிவம் உண்டு.
கையேட்டின் கடைசியில், பின்னிணைப்பில்,
பொடி எழுத்தில் அதைப் பதுக்கியவள் நான்.
ரொம்ப எடுத்துச் சொல்ல வேண்டாம்,
பட்ஜெட் தாங்காது, என்று
துறைத் தலைவர் வீப் ஒருமுறை காதோடு சொன்னார்.
நானும் ஐந்து ஆகஸ்ட்கள்
வாயைத் திறக்கவில்லை.

அவனிடம் இதை ஒப்புக்கொண்டபோது
அவன் முகம் மாறவில்லை.
பேனா இருக்கிறதா, என்று மட்டும் கேட்டான்.

அந்த மாணவி வந்தாளா?
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.
படிவம் மட்டும் வீப்பிடமிருந்து திரும்பி வந்தது,
சிவப்பு மையில் ஒரு கேள்வியோடு:
இந்த ஏழு மணி நேரம் எதற்கு?

கீழே எழுதி அனுப்பினேன்:
குவார்ட்ஸ்.