ஒற்றை இமைமுடி

உரும்பிராயில் குலேந்திரனின் மிளகாய்க் கன்றுகள்
இலையைக் கீழ்நோக்கி மடக்கிக்கொண்டன,
கவிழ்த்துவைத்த வள்ளங்கள் மாதிரி.
கடைக்காரன் கொடுத்த மூன்று மருந்தும் அடித்தாயிற்று.
"வைரஸ் எண்டாங்கள், மிஸ்."

திருநெல்வேலியில் என் மேசைக்கு வந்த இலையின் அடியில்
வைரஸ் இல்லை.
ஒளி ஊடுருவும் மஞ்சள் துளிகள் நடந்தன.
ஆண் உண்ணி, இன்னும் விழிக்காத பெண்ணை
முதுகில் தூக்கிக்கொண்டு தளிருக்கு ஓடுகிறது.
சிலது வெள்ளை ஈயின் காலைப் பிடித்து
அடுத்த தோட்டத்துக்குப் போகிறது,
ரிக்கற் எடுக்காமல்.

அவற்றிடையே இன்னொன்று.
வேகமாய், ஜம்புப்பழ வடிவில்,
அவற்றைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது.
அதன் பெயர்தான் எனக்குத் தெரியவில்லை.

அரை மில்லிமீற்றர் கூட இல்லாத ஒன்றை
எதனால் தூக்குவது? தூரிகை முனை அதற்கு உலக்கை.
பிரேசிலில் இருந்து ஒரு கடித உறை வந்தது,
நான் முகம் பார்த்திராத லூர்தெஸ் அனுப்பியது:
ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில்
பசையிட்டு ஒட்டிய ஒற்றை இமைமுடி.
"என்னுடையதுதான். கழுவியிருக்கிறேன்."
சுங்கத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.
சூனியம் என்று நினைத்தார்களோ என்னவோ,
வெகு கவனமாகத் திருப்பி ஒட்டியிருந்தார்கள்.

குளோரல் ஹைட்ரேட்டுக்கு அனுமதி கேட்டுப் பதினொரு மாதம்.
லுணுவிலையில் ஷிராந்தி, தான் காய்ச்சிய திரவத்தில் பாதியை
ஒரு தைலப் போத்தலில் ஊற்றி
யாழ்தேவியில் வந்த யாரிடமோ கொடுத்துவிட்டாள்.
அவளுக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் அரைகுறை.
முதுகுமயிர் எண்ணுவதில் இருவருக்கும் ஒரே பாஷை.

எண்ணினேன். பதினெட்டுச் சோடி.
இருக்கவேண்டியது பத்தொன்பது.
புதிய இனம் என்று நெஞ்சு ஒருதரம் துள்ளியது.
பெயர்கூட யோசித்தேன், சொல்லமாட்டேன்.
படத்தை அனுப்ப, லூர்தெஸ் அங்கே விடியுமுன் எழுதினாள்:
"உடம்போடு மடிந்து ஒன்று படுத்திருக்கிறது. வெளிச்சத்தைச் சரித்துப் பார்."
படுத்திருந்தது.

இனம் காணும் பழைய அட்டவணை ரஷ்ய மொழியில்.
கார்கிவிலிருந்து ஒலெஹ் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தான்.
ஐந்தாம் பக்கத்தோடு நின்றுபோனான். நான்கு நாள்.
பிறகு ஒரு வரி:
"மின்சாரம் இல்லை. மன்னிக்கவும்."

மன்னிக்கவுமா.
உண்ணிகளை அப்படியே விட்டுவிட்டு எழுதினேன்:
ஒரு ஜாம் போத்தல் எடு. அடியில் பஞ்சு வை.
பஞ்சு நனைய மட்டும் மண்ணெண்ணெய், கூட வேண்டாம்.
திரியைச் சைக்கிள் வால்வுக்குள் கோத்துக்
கம்பியால் நடுவில் நிறுத்து.
நான் சாதாரண தரம் படித்தது அந்த வெளிச்சத்தில்தான்.
அளவுகளோடு படமும் கீறினேன்,
உண்ணியின் கால் கீறும் அதே பேனையால்.

ஆறாம் பக்கம் புகை மணத்தோடு வந்தது
என்று சொல்ல ஆசை.
வெறும் கோப்பாகத்தான் வந்தது.
ஆனால் வந்தது.

பெயர் கிடைத்தது. புதிதல்ல.
எங்கோ ஒரு தீவின் எலுமிச்சை இலையில்
நான் பிறக்குமுன்பே யாரோ கண்டெழுதியது.
குலேந்திரனிடம் சொன்னேன்.
"பேர் தெரிஞ்சா மிளகாய் நிமிருமோ, மிஸ்?"
"மருந்தை நிப்பாட்டுங்கோ. அதைத் தின்னுறது ஒண்டு
உங்கட தோட்டத்துக்கையே நிக்குது.
அதையும் சேத்துத்தான் கொல்லுறியள்."
அவர் நம்பவில்லை.
இரண்டு வரிசை மட்டும் விட்டுத்தருவதாகச் சொன்னார்.
இரண்டு வரிசை போதும்.

நேற்று வந்தாறுமூலையிலிருந்து பர்வீனா கேட்டிருக்கிறாள்,
அவளுடைய கத்தரியிலும் ஏதோ ஓடுகிறதாம்:
"தூரிகை தடிப்பா இருக்கு. நீங்க எதால தூக்குறீங்க?"

கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறேன்.
ஈர்க்குச் சீவியாயிற்று. பசை திறந்திருக்கிறது.
வலது கண், மேலிமை, ஓரத்தில் நீளமாய் ஒன்று.
பிடுங்கும்போது கண்ணீர் வருகிறது,
அது தானாக வருவது.
கழுவ வேண்டும்.