‘வழக்கமாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன்

உப்புவெளியில் கரண்ட் போய் வந்த பிறகு
ரவுட்டரின் பச்சைக் கண் திறக்கும்வரை
நாலாம் பக்கத்தைக் கையால் எழுதினேன்:

இந்தக் கருவி
விளம்பரத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு நிகழ்வையும்
வழியில் மறித்துக் காட்டும்.
யார் அழுத்தினார், எத்தனை மணிக்கு,
எந்தப் பெயரில் போய்ச் சேர்ந்தது,
சேராவிட்டால் எங்கே நின்றது.

‘மறித்து’ என்பதை வெட்டினேன்.
மறித்தல் என்றால் என்ன என்று
நிலாவெளி ரோட்டில் இறங்கி நடந்து
அடையாள அட்டை காட்டியவர்களுக்குத் தெரியும்.
‘நிறுத்தாமல் பார்த்துக் காட்டும்.’
இப்போது சரி.

படிக்கப்போவது மனிதர் இல்லை.
முகவர் என்று பெயர், முகம் கிடையாது.
நாங்கள் அறிந்த முகவர்
கட்டாருக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிப்போட்டு
போனை அணைத்து வைத்தவர்.
இது இரவு இரண்டு மணிக்கும் எடுக்கும்.
எழுதியதை எழுதியபடியே செய்யும்;
அதுதான் பயம்.

போன கிழமை
‘வழக்கமாக ஒரு முறைதான் பதிவாகும்’ என்று விட்டிருந்தேன்.
மூன்று முறை பதிவானதைப் பார்த்த முகவர்
இன்று வழக்கமில்லாத நாள் போலும் என்று
எல்லாம் சரி என அறிக்கை கொடுத்துவிட்டது.
அதற்குள் யூட் மரியதாசின் படகில்
திமிங்கிலம் பார்க்க
முப்பத்தாறு பேர் ஏறிவிட்டார்கள், கணக்கில்.
விடியற்காலை கரையில் நின்றது பன்னிரண்டு பேர்.
“மிச்சம் இருபத்து நாலு பேரும் எங்க, தங்கச்சி?
நீந்தியா வாறாங்க?”

நன்றிப் பக்கம் திறந்தபோது ஒன்று.
ஆள் அதைப் புதுப்பித்தபோது ஒன்று.
சர்வரிலிருந்து தன்பாட்டுக்கு ஒன்று.
மூன்றுக்கும் மூன்று எண்.

எழுதினேன்:
ஒரே எண்ணோடு எத்தனை முறை வந்தாலும்
அது ஒரே நிகழ்வு.

தேத்தண்ணி ஊற்றப் போனேன்.
மதிலுக்கு அப்பால் செல்வமலர் அக்கா
உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.
மகனின் பெயரைக்
கச்சேரியில் ஒரு முறை,
கொழும்பிலிருந்து வந்தவர்களிடம் இரண்டு முறை,
பிறகொரு வெள்ளைக் கூடாரத்தில் ஒரு முறை
கொடுத்தவர்.
நாலு துண்டு, நாலு எண்,
ஒரு பிள்ளை.

தேத்தண்ணி ஆறிப்போனது.
திரும்பி வந்து அந்த வரிக்குக் கீழே சேர்த்தேன்:
எண்கள் வேறு என்பதால் மட்டும்
ஆட்களும் வேறு என்று முடிவு செய்யாதே.
பதிவு இல்லை என்பதால்
நடக்கவில்லை என்று எழுதாதே.
‘பதிவு கிடைக்கவில்லை’
அவ்வளவுதான் உனக்குத் தெரியும், அதை எழுது.

கிண்ணியாவிலிருந்து ஷிஹானா வாசித்துவிட்டுச் சிரித்தாள்.
“ஏன் அதை இப்படி அதட்டுற?
ஒரு ‘தயவுசெய்து’ போட்டா என்ன?”
போட்டேன். பிறகு எடுத்தேன்.
தயவு இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு என்று
விளங்கிக்கொண்டாலும் கொள்ளும்.

சோதனைக்காக நானே அழுத்திய விளம்பரம்
இரண்டு கிழமையாக என் பின்னால் வருகிறது.
குசினி ஜன்னலில் தெரிகிற கடலை
எனக்கே விற்கப் பார்க்கிறது,
முற்பதிவு செய்தால் பத்து வீதம் கழிவு.
இதையும் ஒரு குறிப்பாகப் போட்டிருக்கிறேன்:
சோதித்தவரைக் கணக்கிலிருந்து நீக்கவும்.

பின்னேரம் டவுனுக்குப் போனேன்.
பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்
யூட் அண்ணன் பசை பூசி ஒட்டிய நோட்டீஸ்;
நீலத் திமிங்கிலம், கீழே போன் நம்பர்.
ஒரு புள்ளிமான் கழுத்தை நீட்டி
வாலிலிருந்து உரிக்கத் தொடங்கியது.
நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தை
ஆறுதலாக மென்றுகொண்டு
என்னைப் பார்த்தது.

விளம்பரம் காட்டப்பட்டது.
தொடப்பட்டது.
பதிவு கிடைக்கவில்லை.