சமவாய்ப்பு எண்

கணக்கு தொண்ணூற்றெட்டு, அது முழுசாக.
இயற்பியல் தொண்ணூற்றேழில் பாதி நாற்பத்தெட்டரை.
வேதியியல் தொண்ணூற்றாறில் பாதி நாற்பத்தெட்டு.
ஆக இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலரை.
மேலிருந்து கூட்டினாலும்
கீழிருந்து கூட்டினாலும்
அதே நாலரை.

சைதாப்பேட்டையிலிருந்து கிண்டிக்கு
ரயிலில் ஒரே ஸ்டேஷன்.
உட்கார இடம் தேடுவதற்குள் இறங்கிவிடலாம்.
எனக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கும் நடுவே
அந்த ஒரு ஸ்டேஷன்தான்,
அப்புறம்
எனக்கு முன்னால் நிற்கிற,
முகம் தெரியாத ஒரு கூட்டம்.

அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறார்.
சர்தார் படேல் சாலையில் அந்த கேட் வரும்போது மட்டும்
இரண்டாம் கியருக்கு இறங்குவாராம்.
கிளீனர் பூவரசன் சொன்னான்:
"மான் கீன் நிக்குதான்னு பாக்குறாருக்கா."

பொதுத்தேர்வில் கணக்குத் தாள் சுலபம் என்று
பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் சிரித்த அன்று
எனக்கு மட்டும் வயிறு கலங்கியது.
எனக்குச் சுலபம் என்றால்
எல்லாருக்கும் சுலபம்.

போன வருஷம் கடைசியாக உள்ளே போனவர்
என்னைவிட அரை மார்க் குறைவு.
அதற்கு முந்தின வருஷம் கடைசியாகப் போனவர்
என்னைவிட அரை மார்க் கூட.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு பழைய டைரியும் பென்சிலும் வைத்துக்கொண்டு
நான் உட்கார்ந்திருக்கிறேன்.

சமவாய்ப்பு எண் வந்தது. பத்து இலக்கம்.
எல்லாம் சமமாகிப்போனால்
கடைசியில் இதுதான் தீர்மானிக்குமாம்.
அம்மா அதைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தாள்.
கூட்டுத்தொகை ஆறு, நல்லதுதான் என்றாள்.
நான் கூட்டினேன், எட்டு வந்தது.
சொல்லவில்லை.

இந்த ஒரு மாதமாக நான் செய்த பிரார்த்தனையை
எந்தக் கோயிலிலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது:
எனக்கு முன்னால் இருக்கிறவர்களெல்லாம்
டாக்டராகட்டும்.
அவர்கள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் விழட்டும்,
மதுரையில், தூத்துக்குடியில், எங்கேயாவது
நல்லபடியாக இருக்கட்டும்.
வரிசையை விட்டு விலகட்டும்.

அந்த வரிசையில் ஒரே ஒரு முகம் எனக்குத் தெரியும்.
எமிமா.
அவளும் நூற்றுத் தொண்ணூற்று நாலரை.
கணக்கில் என்னைவிட ஒன்று கூட,
இயற்பியலில் இரண்டு குறைவு.
மதிப்பெண் சமமானால் முதலில் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.
ஆகவே அவள் எனக்கு முன்னால்.
உயிரியலும் எடுத்திருந்தாள், நீட்டும் எழுதினாள்.
அவளுக்கு மெடிக்கல் கிடைக்கணும் என்று
அவள் அம்மாவைவிட நான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.
சின்னமலை மாதா கோயிலில்
மெழுகுவத்திகூட ஏற்றினேன். பெரியது, நாற்பது ரூபாய்.
யாருக்காக ஏற்றினேன் என்று
மாதா கேட்கவில்லை.

நேற்று ராத்திரி பத்தரைக்கு போன் பண்ணினாள்.
"வராதுடி. எவ்வளவு கீழே இறங்கினாலும்
என் மார்க்குக்கு வராது."
அழுதாள். நான் "அழாதே" என்றேன்.
சொல்லிக்கொண்டே
டைரியில் ஒரு எண்ணை அழித்து
ஒன்று கூட்டி எழுதியது என் கை.
எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்:
"நீதான் எல்லாம் கணக்குப் போட்டு வெச்சிருக்கியே.
கிண்டியை முதல் சாய்ஸாப் போடவா?
எனக்குக் கிடைக்குமா?"

ஃபேன் சத்தம்.
பக்கத்து வீட்டில் யாரோ குக்கரைத் திறக்கிறார்கள்.
வேண்டாம், ரிஸ்க், வேறே காலேஜ் போடு என்றால்
நம்புவாள். கேள்வியே கேட்கமாட்டாள்.
ஒன்பதாம் வகுப்பிலிருந்து
என் டைரியைத்தான் நம்புகிறாள்.

"போடு" என்றேன். "உனக்குக் கிடைக்கும்."
"உனக்கு?"
"பாக்கலாம்."

காலையில் ஒன்பது மணிக்கு அவளே வந்தாள்.
இரண்டு பேரும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம்.
ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து
ஒருவர் பட்டியலை ஒருவர் சரிபார்த்தோம்.
ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
அதுவரை மாற்றிக்கொள்ளலாம்.
நான் எதையும் மாற்றவில்லை.

அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.
இந்நேரம் அடையாறு லோடை இறக்கிவிட்டு
காலி லாரியோடு
அந்த வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருப்பார்,
பின்னால் ஹாரன் அடிப்பதையெல்லாம்
காதில் வாங்காமல்.