பாகுமே

எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று
விற்கும்போது சொன்னவன் நான்தான்.
டெப்ரெ பிர்ஹான் கம்பளி ஆலையின் கணக்கறையில்
இரண்டு சால்வை போர்த்திய யெஷிமெபெத்
முதல் நாளே கேட்டாள்:
வரி விகிதம்? மாற்றலாம்.
இரவுப்படி? அதையும்.
முதலாளியின் மச்சான் வராத நாளை, வந்த நாளாக?
அதற்கு மட்டும் தனிக் கடவுச்சொல்.

ஏழு மாதம் எழுதினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு வரிசை,
வரிசைக்கொரு எண்.
செத்தாலும் எண் அழியாது;
'நடப்பில் இல்லை' என்று ஒரு சின்னக் குறி விழும்,
அவ்வளவுதான்.

மாதம் என்கிற காலத்தில்
ஒன்று முதல் பன்னிரண்டு வரைதான்,
மேலே எது வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பு
என்று தரவுதளத்திடம் சொல்லி வைத்திருந்தேன்.
பிழை வராமல் இருக்கத்தான்.

எங்கள் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம்.
கடைசிக்கு ஐந்தே நாள், சில ஆண்டில் ஆறு.
பேச்சு வந்த நாளிலிருந்து தெரியும் எனக்கு.
விரல்கள்தான்
பன்னிரண்டோடு நின்றுவிட்டன.

பாகுமே மூன்றாம் நாள், விடாத மழை.
கொதிகலன் பார்க்கும் ஷிமெலிஸ் வந்தார்.
கரி ஒட்டுமென்று நாற்காலியில் உட்காரவில்லை.
"மாசச் சம்பளக்காரன் நான்.
இந்த அஞ்சு நாளும் நெருப்பு அணையாது.
அந்த அஞ்சு நாள் எந்த மாசத்துல இருக்கு,
பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன்.
சிவப்பெழுத்தில் வந்தது பதில்:
அப்படியொரு மாதம் இல்லை.

"பழைய பேரேட்டிலும் கிடையாது" என்றாள் யெஷிமெபெத்,
திரையைப் பார்க்காமல்.
அவளுக்கு இது இருபத்திரண்டாவது பாகுமே.

அன்றிரவு பன்னிரண்டை அழித்துப் பதின்மூன்றாக்கினேன்.
புதிதாய் ஒரு காலம் சேர்த்தேன், அருகே ஒரு கட்டம்:
டிக் அடித்தால் சம்பளம் உண்டு.

முதலாளி கெட்டாச்செவ் நல்ல மனிதர், சிரித்தார்.
"மாற்றிக்கொள்ளலாம் என்றாயே,
நல்லது. கட்டம் காலியாகவே இருக்கட்டும்."

இருந்தது.
ஆனால் எழுதப்பட்ட காலம் அச்சாகாமல் இருக்காதே.
சம்பளச் சீட்டு ஒவ்வொன்றின் அடியிலும்
முதன்முறையாக ஒரு வரி:
பாகுமே. வேலை நாள் 5. தொகை 0.00 பிர்.

ஷிமெலிஸ் அந்தச் சுழியங்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.
கோபமாக எதுவும் சொல்லவில்லை.
இன்னொரு பிரதி கேட்டார்.
நான் அச்சுப்பொறிப் பக்கம் திரும்புமுன்
யெஷிமெபெத் தன் எண்ணையும் தட்டியிருந்தாள்.

ஆலையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அன்று வெளியே வந்தவை
நானூற்றுப் பதினான்கு தாள்.