ஞாயிறு வரை தள்ளுபடி

கடைசிப் படுக்கையறையில் 4.
கூடத்தில் 96.
அடுப்படியில் அரிசி வாளியின் மேல்
கைப்பேசியை வைத்தால் 140,
வாளியை நகர்த்தினால் 60.
மின்கட்டண ரசீதின் முதுகில்
மதியழகன் எழுதிக்கொண்டே போகிறார்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு
மணிக்கொரு தரம் சூடு பார்த்துக் குறிப்பதுபோல.

மாதாமாதம் காசு கட்டுவது ஆயிரத்துக்கு.
ஆயிரமும் வாசல் வரை வருகிறது.
வீட்டுக்குள்தான் அதற்கு வழி தெரியவில்லை.

செங்காங், பதினோராம் மாடி.
இதழினியின் கணக்கு டீச்சர்
ஒரு பின்னத்தை எழுதும்போதே உறைந்துபோகிறார்,
மேலே மூன்று, கோடு, கீழே ஒன்றுமில்லை.
என் மீட்டிங்கில்
"கேக்குதா, கேக்குதா" என்பதைத் தவிர
இந்த மாதம் நான் வேறெதுவும் பேசவில்லை.
சுருக்கமாகப் பேசுகிறாய், நல்லது என்றார் மேலாளர்.

பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கமே நிற்கிறது:
டான் குடும்பம், ரோஸ்னா வீடு, குண்டுப்பூனை,
யாரோ பெயர் வைத்த 'திருடாதே'.
எல்லோரும் ஆறாவது சேனலில்,
காலை எட்டு மணி எம்ஆர்டியில்
ஒரே பெட்டிக்குள் ஏறியதுபோல.
மதி பதினொன்றுக்கு மாற்றினார்.
ஒரு சாயங்காலம் ஓடியது.
மறுநாள் பூனையும் பதினொன்றுக்கு வந்துவிட்டது.

டெக்னீஷியன் ஜொகூர்ப் பையன்.
பாம் ஷெல்டர் சுவரை விரல்முட்டியால் தட்டினான்.
சத்தமே இல்லை.
"அக்கா, குண்டு விழுந்தாலும் தாங்கணும்னு கட்டினது இது.
இதுக்குள்ள ரூட்டர வச்சா அது பாவம் என்ன பண்ணும்?
மெஷினுக்கும் ஆறு வயசு. மாத்திடுங்க.
இல்ல, அந்த இரும்புக் கதவையாவது முழுசாத் தொறந்து வைங்க."
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

சிம் லிம் ஸ்கொயரில்
எட்டுக் கொம்பு வைத்த ஒன்றைக் காட்டினார்கள்,
மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி.
இருநூற்று அறுபத்தொன்பது வெள்ளி.
ஞாயிறு வரை தள்ளுபடி.
யோசிச்சுச் சொல்றோம் என்றோம்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கதவு முழுசாகத் திறக்காது.
பெட்டிகள், தீபாவளி விளக்குச் சரம், ஓடாத காற்றாடி,
எல்லாவற்றுக்கும் பின்னால் கதவில் முட்டிக்கொண்டு
இதழினியின் கம்பிக் கட்டில்.
ரூட்டரும் அதுவும் ஒரே வாரத்தில் உள்ளே போனவை.
அடுத்ததுக்கு ஆகும் என்று
துணி போர்த்தி வைத்தோம்.
கேகே ஆஸ்பத்திரியின் புதன்கிழமைகளை
எண்ணுவதை விட்டே ஒரு வருடமாகிறது.

சனிக்கிழமை அதை வெளியே இழுத்தோம்.
ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.
கதவு சுவரைத் தொடும்வரை திறந்தது.
"அம்மா, டீச்சர் அசையறாங்க!"
கடைசி அறையில் 312.
மதி எழுதிவிட்டு அடிக்கோடும் போட்டார்.

கட்டில் இப்போது சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில்.
டவுன் கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டால்
வந்து எடுத்துப் போவார்கள்.
எண் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது.
காய்ந்த துணிகளை அதற்குள் போட்டேன்,
பிறகு எடுத்துவிட்டேன்.
குவே கொண்டுவந்த ரோஸ்னா
கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.
சாப்பிடப் போகும்போது மூவரும்
அதைச் சுற்றிக்கொண்டு போனோம்.

இரவு எல்லா அறையிலும் முழுக் கோடுகள்.
பார்க்க எதுவும் இல்லாமல் படுத்திருந்தோம்.
"இப்ப ஓடுது," என்றார் மதி.
"ஆனா மெஷினுக்கு வயசாச்சுல்ல."
ஆறு வருசம் என்றேன்.
"அந்த எட்டுக் கொம்பு,
கதவு பாதி சாத்தியிருந்தாலும் வருமாம்."
வரும் என்றேன். எனக்குத் தெரியாது.
"நாளைக்கு ஞாயிறு."
கூடத்தின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு,
பதினோரு மணிக்குத்தான் திறப்பாங்க என்றேன்.